5 லட்சத்துக்குள் கல்யாணம், 900 பேர் பட்டியல்: எங்கே குறைப்பது?

#1 பூட்டுக்காரர் மகள் (திண்டுக்கல்), மார்ச் 12

வணக்கம். இங்கே பல நாளாக வாசிப்பவள், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். என் சேமிப்பு 3,20,000. அப்பா 1,80,000 போடுகிறார். ஆக 5 லட்சம். கடன் வாங்குவதில்லை என்று நானும் மாப்பிள்ளையும் பேசி முடித்துவிட்டோம். நகை தனி. அம்மாவின் 5 பவுனை அழித்துப் புதிதாகச் செய்வதாக ஏற்பாடு, அது இந்தக் கணக்கில் இல்லை.

போன வாரம் நானும் அண்ணனும் விசாரித்து வந்தது இது. மண்டபம் 1,20,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,41,600. கரண்ட், ஜெனரேட்டர், காஸ், சுத்தம் செய்ய என்று இன்னும் 25,000 ஆகும் என்றார் மேனேஜர். முதல் நாள் ராத்திரி வரவேற்புச் சாப்பாடு 700 இலை, 220 வீதம் 1,54,000. காலை டிபன் 500 பேருக்கு 130 வீதம் 65,000. மதியச் சாப்பாடு 600 இலை, 200 வீதம் 1,20,000. மேடை அலங்காரம் 60,000. போட்டோ, வீடியோ 90,000. மேளம் 25,000. துணிமணி 80,000. பத்திரிகை 15,000. கூட்டினால் 7,75,600. இதில் ஐயர், வேன், தாம்பூலப் பை எதுவும் இல்லை.

ஆளைக் குறைத்தால் எல்லாம் குறையும் என்று எனக்கும் தெரியும். சிக்கல் அங்கேதான். அப்பா பூட்டுப் பட்டறையில் 31 வருடம் வேலை பார்த்தவர். அவரிடம் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்த மொய். அண்ணன் காதுகுத்து, என் சடங்கு, வீட்டுக்குப் பால் காய்ச்சியது. இன்னொன்று அவர் போய்ச் செய்தது. அந்த இரண்டாவது நோட்டில் அவரே அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டிருக்கிறார்: ஊர், பெயர், என்ன விசேஷம், எவ்வளவு. 1993-இல் 11 ரூபாயில் தொடங்குகிறது. பட்டியலைக் குறைக்கலாமா என்று கேட்டால் இந்த நோட்டைத்தான் எடுத்து மேசையில் வைக்கிறார். "இது கூப்பிடுற லிஸ்ட் இல்லம்மா, இது நம்ம பணம்" என்கிறார்.

900 பேர். என்ன செய்வது?

#2 கணக்கு வாத்தியார் (ஈரோடு), மார்ச் 12

உங்கள் 7,75,600-இல் சாப்பாடு மட்டும் 3,39,000. மண்டபத்தோடு சேர்த்தால் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மேடை, மேளம், பத்திரிகை எல்லாவற்றையும் பூஜ்யமாக்கினாலும் உங்கள் தொகைக்குள் வராது. ஆகவே பத்திரிகையில் 3,000 மிச்சம், மேளத்தில் 5,000 மிச்சம் என்று யாராவது வந்து சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டில் ஒரு வேளை போக வேண்டும். எந்த வேளை என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள்.

#3 ரெஜிஸ்டர் ராஜா (சென்னை), மார்ச் 12

பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து. 20 பேருக்கு நல்ல ஓட்டலில் சாப்பாடு. 25,000-இல் முடிந்தது. மிச்ச 4,75,000-க்கு வீட்டு முன்பணம் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். 900 பேரில் 850 பேருக்கு உங்கள் பெயரே தெரியாது.

#4 சின்னத்தை67 (மதுரை), மார்ச் 13

தம்பி ராஜா, பெயர் தெரியாவிட்டால் என்ன? "பட்டறைக்காரர் மகள்" என்று தெரியும். அது போதும். அந்தப் பெண் கேட்டது எப்படி நடத்துவது என்று, நடத்தலாமா என்று இல்லை. 31 வருடம் அடுத்தவர் வீட்டு வாசலில் வேட்டி கட்டிப் போய் நின்ற மனிதரிடம் "ஓட்டலில் 20 பேர்" என்று யார் போய்ச் சொல்வது? நீ சொல்கிறாயா?

மலரோ மல்லியோ, உன் பெயர் தெரியாது கண்ணு. நகை விஷயம் ஒன்று. அம்மாவின் 5 பவுனை அழிக்காதே. பழைய நகை, ஹால்மார்க் இல்லாத காலத்தது என்றால் உருக்கிப் பார்த்தால் 40 கிராம் 40 கிராமாக நிற்காது. பிறகு புது நகைக்குச் சேதாரம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உன் பொன்னை உனக்கே திரும்ப விற்பார்கள். ஒரு பாலிஷ் போட்டு, அறுந்த கொக்கியை மாற்றி, அப்படியே போட்டுக்கொள். நான் என் மருமகளுக்கு அதைத்தான் சொன்னேன், கேட்கவில்லை, அது வேறு கதை. புதிதாக ஏதாவது வாங்கினால் 916 முத்திரையோடு ஆறு எழுத்து எண் இருக்கிறதா என்று பார். 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் விற்கக்கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எல்லாம் வரும்.

#5 கரண்டி (ஒட்டன்சத்திரம்), மார்ச் 13

நான் 19 வருடமாகக் கல்யாணச் சமையல் செய்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன்தான். எனக்கு வேலை கேட்டு எழுதவில்லை, ஆவணி முழுக்க நாள் கொடுத்தாகிவிட்டது.

முதலில் ராத்திரிச் சாப்பாடு. அதுதான் ஆளைக் கொல்லும். காலையில் முகூர்த்தம் பார்க்க வருகிறவன் தாலி கட்டியதும் டிபன் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவான். ராத்திரி வரவேற்புக்கு வருகிறவன் குடும்பத்தோடு வருவான், பிள்ளைகளோடு வருவான், ஐஸ்கிரீம் இரண்டு தடவை கேட்பான். ராத்திரி இலையில் பன்னீர், நாண், பிரைட் ரைஸ் என்று வைக்கச் சொல்வார்கள். இலைக்கு 220 என்று உங்களுக்குச் சொன்னவர் நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறார். ராத்திரியை எடுத்துவிடுங்கள். 1,54,000 போச்சு. மேடை விளக்கு, லைட் மியூசிக், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் அதோடு சேர்ந்து குறையும்.

இரண்டாவது, இலையில் எத்தனை வகை. 21 வகை, 24 வகை என்று இப்போது ஒரு பெருமை வந்திருக்கிறது. பந்தி முடிந்து இலை எடுக்கிற பெண்களைக் கேளுங்கள், எது எது குப்பைக்குப் போகிறது என்று அவர்கள் சொல்வார்கள். இரண்டாவது இனிப்பு, வெஜ் பிரியாணி, சிப்ஸ், கலர் அப்பளம். ஒரு இனிப்பு, வடை, பாயசம், கூட்டு, இரண்டு பொரியல், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அப்பளம், ஊறுகாய். இதை நல்ல நெய், நல்ல பருப்பு போட்டுச் செய்தால் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டார்கள். சாம்பார் தண்ணீராக இருந்தால்தான் பேசுவார்கள், நாலு வருடம் பேசுவார்கள்.

மூன்றாவது, மொத்தக் காண்ட்ராக்டா கூலியா? மொத்தமாகப் பேசினால் இலைக்கு இவ்வளவு. கூலி என்றால் நாங்கள் லிஸ்ட் கொடுப்போம், மளிகை, காய், பால், காஸ் எல்லாம் நீங்கள் வாங்கித் தர வேண்டும். 100 இலைக்கு அரிசி 10 கிலோ, 100 காபிக்குப் பால் 10 லிட்டர் என்று ஒரு கணக்கில் போகும். கூலி முறையில் மிச்சமாகும், ஆனால் சரக்கறையில் உட்கார ஒரு கண்டிப்பான ஆள் வேண்டும். சாவி இடுப்பில் இருக்க வேண்டும். அப்படி ஒரு மாமா இல்லாத வீட்டுக்கு மொத்தக் காண்ட்ராக்டுதான் சரி.

நான்காவது, என் பிழைப்புக்கே வேட்டு வைக்கிற விஷயம். இலைக்கணக்கு. பந்தி தொடங்குமுன் எத்தனை இலை வந்தது என்று எண்ணுங்கள், முடிந்ததும் மிச்சத்தை எண்ணுங்கள். கழித்தால் வருவதுதான் கணக்கு. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கிழிந்த இலை, சமையல்கட்டில் வடை கொட்ட விரித்த இலை, எங்கள் ஆட்கள் சாப்பிட்ட இலை. இது யார் கணக்கு என்று அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே பேசிவிடுங்கள். கல்யாணம் முடிந்து பேசினால் சண்டைதான்.

#6 டெல்டாக்காரன் (பேராவூரணி), மார்ச் 13

எங்கள் பக்கம் மொய் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். ஆடி பிறந்தால் மொய் விருந்து நடக்கும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு என்று சுற்றி வாருங்கள், கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல், கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டிருப்பார்கள். அந்த ஊரிலிருந்து சொல்கிறேன்: மொய் வருமானம் இல்லை. வட்டியில்லாக் கடன். இன்று உங்கள் நோட்டில் 500 எழுதுகிறவனுக்கு நாளை 500-க்குமேல் வைக்க வேண்டும்.

உங்கள் அப்பா "நம்ம பணம்" என்று சொல்வது சரிதான். ஆனால் அந்த நோட்டில் இருப்பதெல்லாம் வசூலாகிற பணம் இல்லை. நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து பெயர் பெயராகப் பாருங்கள். உயிரோடு இல்லாதவர்கள் யார்? ஊரைவிட்டுப் போனவர்கள் யார்? ஏற்கெனவே திருப்பிச் செய்துவிட்டவர்கள் யார்? (அவரிடம் உள்ள முதல் நோட்டையும் இதையும் பக்கத்தில் வைத்தால்தான் இது தெரியும். நிறைய பேர் ஒரு நோட்டை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள்.) நாம் செய்யவேண்டிய பாக்கி உள்ளவர்களை விட்டாலும் விடலாம். நமக்குச் செய்யவேண்டியவர்களை விடக்கூடாது. இதை அப்பாவிடம் நீங்கள் சொல்லாதீர்கள், நோட்டே சொல்லும்.

முக்கியமானது: மொய் வரும் என்று நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக ஒப்புக்கொள்ளாதீர்கள். மண்டபத்துக்கு மொய்ப் பணத்தில் செட்டில் செய்துவிடலாம் என்று இருந்த ஒருவர் ராத்திரி 11 மணிக்கு மொய்ப்பெட்டியை நாலாவது தடவை எண்ணியதைப் பார்த்திருக்கிறேன். நாலு தடவையும் ஒரே தொகைதான்.

#7 தவணை முடிந்தவன் (திருப்பூர்), மார்ச் 14

கடன் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு ஒரு கும்பிடு. நான் 4 லட்சம் தனிநபர் கடன் வாங்கிக் கல்யாணம் செய்தேன். 3 வருடம், மாதம் 13,700 போலத் தவணை. மகள் பிறந்து, மொட்டை போட்டு, காது குத்தும்போதும் கல்யாணத் தவணை போய்க்கொண்டிருந்தது. அந்தக் கல்யாணத்தில் புகை மேடை, டிரோன், நுழைவாயிலில் யானை பொம்மை எல்லாம் வைத்தோம். யானை பொம்மைக்கு மட்டும் 9,000. இன்றைக்கு என் மனைவிக்கு அந்த யானை ஞாபகமே இல்லை என்கிறாள்.

#8 நாமகிரிப்பேட்டைப் பெண், மார்ச் 14

யாருமே கேட்காததால் நான் கேட்கிறேன். 5 லட்சமும் ஏன் பெண் வீட்டுச் செலவு? மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சாப்பிட மாட்டார்களா?

#9 பூட்டுக்காரர் மகள், மார்ச் 15

எல்லாருக்கும் நன்றி. வேலைக்கு நடுவில் வாசித்தேன், கரண்டி அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்தே காட்டினேன். "சரக்கறை சாவிக்கு உங்க மாமா இருக்காரு, ஆனா அவரே ரெண்டு டப்பா முந்திரியை எடுத்துட்டுப் போயிருவாரு" என்றார். ஆகவே மொத்தக் காண்ட்ராக்ட்.

#8-க்கு: கரூர்க்காரர்கள். சீர், ரொக்கம் எதுவும் கேட்கவில்லை. "உங்கள் ஊரிலேயே வையுங்கள், எங்கள் பக்கம் 150 பேர் வருவோம்" என்றார்கள். அதைக் கேட்டு நாங்கள் உருகிப்போய் செலவு பற்றிப் பேசவே இல்லை. இப்போது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ராத்திரி வரவேற்பை எடுப்பதற்கு அப்பா சம்மதம். அண்ணனுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. அவன் நண்பர்கள் எல்லாம் ராத்திரிதான் வருவார்களாம்.

#10 நாமகிரிப்பேட்டைப் பெண், மார்ச் 15

பெரியவர்கள் வழியாகப் போகாதீர்கள். மாப்பிள்ளையிடம் நீங்களே கணக்கைக் காட்டுங்கள். இந்த இழையின் முதல் பதிவை அப்படியே அனுப்பினாலும் போதும். என்னவர் பார்த்ததும் "உங்கப்பாவா எங்க சித்தப்பா பசங்களுக்குச் சோறு போடணும்?" என்று அவரே வீட்டில் பேசினார். இலைக்கணக்கில் பாதி. கேட்டால் கௌரவம் போகும் என்று நினைத்து எங்கள் அம்மா இரண்டு மாதம் தூங்கவில்லை. கேட்டபோது இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

#11 ஆடியில் கட்டியவள் (திருவாரூர்), மார்ச் 16

எங்கள் கதை கொஞ்சம் வேறு. உங்களுக்கு உதவாமல் போகலாம், வேறு யாராவது வாசிப்பார்கள்.

நாங்கள் செய்தது சுயமரியாதைத் திருமணம். இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு என்று ஒன்று தமிழ்நாட்டுக்கென்றே இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலி விருப்பப்பட்டால். சட்டப்படி முழுக் கல்யாணம்.

நாள் நட்சத்திரம் பார்க்காததால் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். இப்போது பணத்துக்கு வருகிறேன். மண்டபக்காரர் முதலில் நம்பவில்லை. "ஆடியிலயா, கல்யாணமா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு பாதி வாடகைக்குக் கொடுத்தார், ஏனென்றால் அந்த மாதம் பூட்டித்தான் கிடக்கும். சமையல்காரர், போட்டோக்காரர், மேடைக்காரர் எல்லாருக்கும் கையில் வேலை இல்லாத நேரம். மல்லிகை முகூர்த்த நாளில் விற்கிற விலைக்கும் அன்றைக்கு விற்ற விலைக்கும் சம்பந்தமே இல்லை.

பெரியம்மா வரவில்லை. ஆடியில் தாலி கட்டினால் என்ன ஆகும் என்று அவர் சொன்ன பட்டியலில் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வருடம் ஆகிறது.

#12 சின்னத்தை67, மார்ச் 16

ஆடியெல்லாம் எங்களுக்கு ஆகாது. ஆனால் தேய்பிறை முகூர்த்தம் இருக்கிறதே? வளர்பிறைக்குத்தான் எல்லாரும் அடித்துக்கொள்வார்கள். தேய்பிறையில், அதுவும் வாரநாளில் கேட்டுப் பார். மண்டபக்காரர் குரலே மாறும்.

#13 ரெஜிஸ்டர் ராஜா, மார்ச் 16

அத்தை திட்டியதில் தப்பில்லை, கொஞ்சம் விறைப்பாகத்தான் எழுதிவிட்டேன். உருப்படியாக ஒன்று. எந்த முறையில் கட்டினாலும் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம், 2009 சட்டம். கல்யாணம் நடந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் 150 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். அதற்கும் மேல் இழுத்தால் அலைச்சல். அழைப்பிதழ் கேட்பார்கள், ஆகவே வாட்ஸப்பிலேயே அழைத்தாலும் அச்சிட்ட பத்திரிகை கொஞ்சமாவது இருக்கட்டும். கோயிலில் கட்டினால் கோயில் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் வயதுச் சான்று, முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாம் முன்கூட்டியே கேட்பார்கள். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

#14 கணக்கு வாத்தியார், மார்ச் 17

ராஜா சொன்ன கோயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாலி கட்டுவது கோயிலில், நெருங்கியவர்கள் 100 பேரோடு. பிறகு அதே ஊரில் ஒரு சின்னக் கூடத்தில் மதிய விருந்து மட்டும், மொய்க்காரர்கள் எல்லாருக்கும். மண்டபம் அரை நாள்தான் வேண்டும். தங்க அறை வேண்டாம், முந்தின நாள் கரண்ட் வேண்டாம். எழுதிப் போட்டுப் பாருங்கள். வாடகை கேட்கும்போது "எல்லாம் சேர்த்து, வரியோடு" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கரண்டுக்கு மீட்டர் ரீடிங்கை நுழையும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகள் கல்யாணத்தில் ஒரு மண்டபத்தில் எங்களுக்கு முந்தின கல்யாணத்தின் கரண்டையும் சேர்த்துக் கட்டினோம். நிரூபிக்க வழியில்லை.

#15 லென்ஸ் (தேனி), மார்ச் 19

போட்டோவைக் குறை என்று யாரும் சொல்லாததே எனக்கு ஆச்சரியம். நானே சொல்கிறேன், தொழில்காரன். 90,000-இல் முக்கால்வாசி டிரோன், எல்.இ.டி. திரை, கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டிங், இரண்டு தடி ஆல்பம். ஒரு போட்டோக்காரர், ஒரு வீடியோக்காரர், ஒரே ஒரு ஆல்பம். எடுத்த படம் முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் கொடுத்துவிட வேண்டும் என்று முன்பே பேசுங்கள். ஆனால் மலிவு என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்காதீர்கள். தாலி கட்டுகிற நொடியில் எல்லாரும் கையைத் தூக்கி அட்சதை போடுவார்கள், கேமராவுக்கு முன்னால் நூறு கை. அதைத் தாண்டி முகத்தைப் பிடிப்பதற்குத்தான் எங்களுக்குக் காசு.

#16 பூட்டுக்காரர் மகள், மே 4

இடைக்கால நிலவரம். சித்திரை வெயிலில் மூன்று சாயங்காலம் நானும் அப்பாவும் திண்ணையில் இரண்டு நோட்டையும் விரித்து உட்கார்ந்தோம். டெல்டாக்காரர் சொன்னபடி நான் ஒன்றும் சொல்லவில்லை, பெயரை மட்டும் வாசித்தேன். அப்பா பென்சில் வைத்திருந்தார். காலமானவர்கள் 71. பேனாவால் அடிக்கமாட்டேன் என்றார், மகன்கள் இருக்கிறார்களே, செய்தாலும் செய்வார்கள். திருப்பிச் செய்து முடித்தவர்கள் 140-க்கு மேல். அப்பா ஒருவர் பெயரில் நிறுத்தி, "இவன் எனக்குச் செஞ்சான், நான் அவனுக்குச் செஞ்சேன், அப்புறம் என்ன, சும்மா கூப்பிட்டுச் சோறு போடலாம்ல" என்றார். அப்படி ஒரு 30 பேர் திரும்ப உள்ளே வந்தார்கள். கடைசியில் எங்கள் பக்கம் 540, அவர்கள் பக்கம் 150.

மாப்பிள்ளைக்குக் கணக்கை அனுப்பினேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை, 40 நிமிடம் ஆனது. ஆனால் விருந்தில் பாதி அவர்களுடையது.

தேதி: ஆவணித் தேய்பிறை, வியாழக்கிழமை. எங்கள் தெருப் பக்கத்து முருகன் கோயிலில் தாலி. ஒரு சங்கத்தின் கூடத்தில் விருந்து. ஏ.சி. இல்லை, வேப்பமரம் இருக்கிறது.

#17 கரண்டி, மே 4

690 பேருக்கு அழைப்பு, வாரநாள். என் அனுபவத்தில் 560-லிருந்து 600 இலை விழும். 550-க்குச் சமைக்கச் சொல்லுங்கள், 50-க்கு அரிசியும் பருப்பும் கையிருப்பு. இலை மட்டும் 700 இறக்குங்கள். முகூர்த்த நாளில் இலை தீர்ந்தால் வாங்கமுடியாது.

#18 பூட்டுக்காரர் மகள், செப்டம்பர் 21

கல்யாணம் முடிந்து நாளாகிவிட்டது, மறுவீடு, கறிவிருந்து, வீடு மாற்றம் என்று ஓடிவிட்டது. கணக்கு சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

விருந்து 612 இலை, 215 வீதம் 1,31,580. கோயிலில் காலை டிபன் 135 பேர், 16,200. கூடம் 45,000, கரண்ட், சுத்தம் 11,000. மேடைக்கு 22,000. போட்டோ, வீடியோ 48,000. மேளம் 18,000. பத்திரிகை 9,500. கோயில், ஐயர் 8,000. தாம்பூலப் பை 17,000. துணி 83,000, ஆமாம், முதலில் போட்டதைவிட 3,000 அதிகம். சில்லறைச் செலவு 46,000. மொத்தம் 4,55,280. விருந்தில் பாதி 65,790-ஐ அவர் வீட்டில் கொடுத்தார்கள். எங்கள் கையிலிருந்து போனது 3,89,490.

"சில்லறை" என்று 46,000 எப்படி என்று கணக்கு வாத்தியார் கேட்பார். பத்திரிகை ஒன்று 15 ரூபாய்கூட இல்லை, அதைக் கொண்டுபோய் வெற்றிலை பாக்கோடு கொடுக்கப் பெட்ரோலும் பஸ்ஸும் பல மடங்கு. ஒவ்வொரு வீட்டிலும் காபி வேறு. அப்பாவுக்கு 11 நாளில் அல்சர் வந்து மருந்துச் செலவு தனி.

துணியில் மீறியது நான்தான். கோ-ஆப்டெக்ஸில் திருபுவனம் பட்டு ஒன்று, அரக்கில் மாம்பழ மஞ்சள் கரை. வைத்துவிட்டு வாசல் வரை வந்து திரும்பப் போனேன். அத்தைமாருக்கு வைக்கும் புடவை எல்லாம் சின்னாளபட்டியில் சுங்குடி எடுத்ததால் அந்தப் பக்கம் மிச்சம். பூவுக்கு அண்ணன் விடிகாலை நிலக்கோட்டைச் சந்தைக்குப் போனான். மல்லி விலையைக் கேட்டுவிட்டு எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் வாங்கி, மேடைக்குச் சம்பங்கியும் செண்டுமல்லியும் மூட்டையாக வாங்கி வந்தான். சின்னத்தை சொன்னபடி அம்மா நகைக்குப் பாலிஷ் மட்டும்.

இலைக்கணக்கு. கரண்டி அண்ணா, உங்களுக்கு ஒரு பொன்னாடை. 700 இலை இறங்கியது. பெரியம்மா பேரன், எட்டாவது படிக்கிறான், ஒரு ஸ்டூல் போட்டு இலைக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசிப் பந்தி முடிந்து முழு இலை 60 இருந்தது. சமையல்காரர் 640 என்றார். பையன் நோட்டைத் திருப்பி "28 கிழிஞ்சதும் வடைக்கு விரிச்சதும்" என்று வாசித்தான். நேரத்தோடு எழுதியிருந்தான். சமையல்காரர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு 612-க்கு வாங்கிக்கொண்டு, போகும்போது அவன் கையில் ஒரு லட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது பந்தியில் ரசம் தீர்ந்து பத்து நிமிடம் தடுமாறினோம். ஏ.சி. இல்லாத கூடத்தில் கரூர்ப் பெரியவர் ஒருவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார், வேப்பமரத்தடியில் மோர் கொடுத்துச் சரியானார். அண்ணன் நண்பர்களில் பாதிப் பேர் வரவில்லை, வியாழக்கிழமை. அவன் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

#19 டெல்டாக்காரன், செப்டம்பர் 21

நிறைவு. மொய்?

#20 பூட்டுக்காரர் மகள், செப்டம்பர் 22

தொகை எனக்கே தெரியாது, அப்பா சொல்லமாட்டேன் என்கிறார். பென்சிலால் அடித்த 71 பேரில் நாலு பேருடைய மகன்கள் கேள்விப்பட்டு வந்து எழுதிவிட்டுப் போனார்கள். அந்த நாலு கோட்டையும் அப்பா ரப்பர் வைத்து அழித்தார்.

மூன்றாவதாகப் புது நோட்டு ஒன்று வாங்கிவிட்டார், கோடும் போட்டாகிவிட்டது. ஐப்பசிக்கு இதுவரை ஏழு பத்திரிகை வந்திருக்கிறது. கரூர் வழியில் இருக்கிற நாலுக்கு என்னைப் போகச் சொல்கிறார், என் கல்யாணத்துக்கு வந்தவர்களாம். ஒரு வீட்டுக்கு 500 வைக்கவேண்டும், அங்கே போக வர 340 பஸ்.

#21 புதுவரவு_தை (வேடசந்தூர்), செப்டம்பர் 23

அக்கா, தங்கைக்குத் தை மாதம். அந்தக் கூடம் எங்கே என்று தனிச்செய்தியில் சொல்லமுடியுமா? இலை எண்ணின தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவானா?